வன்னி நிழலில் முந்நூறு கிலோமீட்டர்

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் செல்லும் ரயில் பாதையின் நீளம் சுமார் 300 கிலோமீட்டர். தார் பாலைவனத்தின் வாசலில் தொடங்கி அதன் நடுக்கூடத்தில் போய் முடிகிறது. சமஸ்தானக் காலத்திலேயே பாதித் தூரம் தண்டவாளம் வந்துவிட்டது. ஜெய்சல்மேருக்கு ரயில் எட்டியது 1965 போருக்குப் பிறகுதான். குளிர்காலத்தில் இந்தப் பாதையில் இடம் கிடைப்பது அரிது. மே மாதத்தில் விடுதி அறைகள் மலிவு, பள்ளிக்கும் விடுமுறை. இந்த இரண்டும் சேர்ந்து, வரக்கூடாத மாதத்தில் சில குடும்பங்களைப் பிள்ளைகளோடு இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. கைக்குழந்தையோடு கோடையில் தாருக்கு வராமல் இருப்பதே நல்லது. நான்கைந்து வயதுப் பிள்ளையோடு வரலாம். ஆனால் எந்த ஊர் என்று யோசிக்கும் முன் எத்தனை மணிக்கு என்று யோசிக்க வேண்டும். விடியலுக்கு முன்பிருந்து காலை எட்டரை வரை ஒரு பொழுது, மாலை ஆறுக்குப் பின் ஒரு பொழுது. இடைப்பட்ட நேரம் கூரைக்கு உரியது.

காரணம் குழந்தையின் உடலில் இருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளைக்குத் தோல்பரப்பு அதிகம். வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். வியர்க்கும் திறனோ பெரியவர்களைவிடக் குறைவு. சென்னை வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் சட்டை நனைந்திருக்கும். அதைக் கண்டதும் அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டிவிடுவாள். தாரின் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை சுரந்ததும் ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், உடம்பு மட்டும் வற்றிக்கொண்டிருக்கும். அதனால் சட்டையைப் பார்த்துப் பயனில்லை, சிறுநீரைப் பார்க்க வேண்டும். அது அடர்மஞ்சளாக மாறினாலோ ஐந்தாறு மணி நேரமாகப் போகவில்லை என்றாலோ அன்றைய ஊர்சுற்றல் முடிந்தது என்று கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; கண்ணளவில் பாதி கொட்டுவது தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை பேச்சுக் குழறினாலோ, கூப்பிட்டும் மந்தமாகவே கிடந்தாலோ அது வெப்பவாதம். ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பெரிய மருத்துவமனைகளும் எய்ம்ஸும் இருப்பது ஜோத்பூரில். மேற்கே போகப்போக மருத்துவமனைகளுக்கு இடையிலான தூரம் நீண்டுகொண்டே போகும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், தனிப் படுக்கையும் கிடையாது. கோடையில் இந்தச் சிக்கனம் உதவாது. குளிர்சாதனப் பெட்டியில் குழந்தைக்கென்று ஒரு படுக்கை வாங்கிவிடுவது உத்தமம். சாதாரணப் பெட்டியில் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், ஆனால் அது உடல்சூட்டைவிடச் சூடான காற்று, குளிர்விக்காது, வாட்டும். ‘லூ’ என்று அழைக்கப்படும் இந்த அனல்காற்றுக்கு உள்ளூர்ப் பயணிகள் ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டைக் கட்டுவார்கள். துண்டு பத்தே நிமிடத்தில் விறைத்துவிடும்.

ஜோத்பூரில் காலைப் பொழுதுக்கு ஏற்ற இடம் மெஹ்ரான்கர் கோட்டையடியில் உள்ள ராவ் ஜோதா பாறைப் பூங்கா. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அங்கே தெரிந்த எதிரி ஒன்று உண்டு: சீமைக்கருவேலம். அந்தப் பாறைநிலம் முழுவதையும் பிடித்திருந்த அதை 2006 முதல் பாறை வெடிப்புகளிலிருந்து வேரோடு பெயர்த்தெடுத்து, பாலைக்கே உரிய செடிகளைத் திரும்ப நட்டிருக்கிறார்கள். மாலையில் தூர்ஜி படிக்கிணறு. ஊர்ச் சிறுவர்கள் மேல்படியிலிருந்து அந்தரத்தில் பாய்வதை வேடிக்கை பார்க்கலாம். நீர் ஆழம், பின்தொடரக் கூடாது.

ஜோத்பூரைத் தாண்டினால் வரும் மதானியா நிலையம் சிவப்பு மிளகாய்க்குப் பேர்போனது. நிலத்தடி நீர் இறங்க இறங்க அந்தச் சாகுபடியும் சுருங்கிவிட்டது. ஓசியானில் எட்டாம் நூற்றாண்டின் மகாவீரர் கோயில் இருக்கிறது, சச்சியா மாதா கோயில் இருக்கிறது. குழந்தைக்கு வேண்டியது ஊருக்கு வெளியே உள்ள மணல்மேடு. சூரியன் எழும்போது அங்கே இருந்தால் வண்டுகளும் பல்லிகளும் இரவெல்லாம் கோலமிட்டுப் போன தடங்களைக் காணலாம். எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும். நண்பகலில் மணலின் மேற்பரப்பு காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சுடும். பெரியவர்களின் மூக்கு அதிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கு இரண்டரை அடியில். ஒரே இடத்தில் நிற்கும் தந்தையும் மகளும் ஒரே வெயிலில் நிற்பதில்லை. தள்ளுவண்டியில் கிடக்கும் குழந்தைக்கு இன்னும் மோசம்.

பலோதி இந்தப் பாதையின் உச்சி. 2016 மே 19 அன்று இங்கே 51 பாகை செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் அதுவரை பதிவானவற்றில் அதுவே அதிகம். வானிலைத் துறையின் வெப்பமானி வெயிலில் இருப்பதில்லை, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. 51 என்பது நிழலின் சூடு. பக்கத்திலுள்ள கீசன் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் குர்ஜா நாரைகளின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார்கள்; அவை குளிர்கால விருந்தாளிகள். மே மாதத்தில் அங்கே ஒரு இறகுகூடக் கிடைக்காது.

பலோதியிலிருந்து ராம்தேவ்ரா வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ரயிலுக்கு இது ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் பாலைவன வெயிலில் பிள்ளையை எப்படிக் கூட்டிச்செல்வது என்ற கலையை முழுதாகப் பார்க்க வேண்டியவர்கள் இந்தத் துண்டைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் சாலையில். விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு வரும் வளர்பிறைத் துவிதியையில் தொடங்கி ஏகாதசி வரை நடப்பது பாபா ராம்தேவ் திருவிழா. இந்த ராம்தேவுக்கும் தொலைக்காட்சி யோகாவுக்கும் தொடர்பு இல்லை. இவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே சமாதியானவர் என்று நம்பப்படும் ராஜபுத்திரர். இவரோடு வைத்து வணங்கப்படும் சீடர் டாலி பாய், தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட மேக்வால் சாதிப் பெண். முஸ்லிம்கள் ராம்தேவை ராம்சா பீர் என்கிறார்கள். லட்சக்கணக்கானோர் ராஜஸ்தானின் பல மூலைகளிலிருந்தும் குஜராத்திலிருந்தும் நடந்தே வருகிறார்கள், பிள்ளைகளோடு.

மழை பெய்திருந்தாலும் பெய்யாவிட்டாலும் அந்த மாதப் பகல் கடுமையானது. இருந்தும் நடக்கிறார்கள், ஏனென்றால் பகலில் நடப்பதில்லை. அதிகாலை மூன்று மணிக்கே சாலை நிறைந்துவிடும். ஐந்து நிறக் கொடி முன்னால் போக, ‘ஜெய் பாபா ரி’ என்ற குரல் இருட்டில் ஒரு கூட்டத்திடமிருந்து அடுத்த கூட்டத்துக்குக் கைமாறும். தந்தையின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் ஈரத்துண்டு. அது காய்ந்ததும் நனைக்க யாரும் புட்டியைத் திறப்பதில்லை. அடுத்த தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று நடப்பவர்களுக்குத் தெரியும். பந்தல் பெரும்பாலும் ஒரு வன்னி மரத்தடியில் இருக்கும். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னி. இங்கே பெயர் கேஜ்ரி. மரத்தடியில் மணலைக் குவித்து, நனைத்து, அதில் கழுத்தளவுக்குப் புதைத்த மண்பானைகள். நீண்ட மூக்குள்ள கெண்டியால் ஒருவர் நீரை ஊற்ற, வந்தவர்கள் குனிந்து கைகளைக் குவித்துக் குடிப்பார்கள். சொட்டு வீணாகாது, எச்சிலும் படாது. பிள்ளைக்கு முதலில் இரண்டு மடக்குதான். உட்கார வைத்து, மூச்சு இறங்கியதும் மீதி. வேகவேகமாகக் குடித்தால் வாந்தி வரும் என்று கெண்டி பிடித்தவரே அதட்டுவார்.

ஒன்பது மணிக்குள் கூட்டம் பந்தல்களில் ஒதுங்கிவிடும். அங்கே உணவு இலவசம், கால் பிடித்துவிடுவதும் இலவசம். முன்பின் அறியாதவரின் கொப்புளத்துக்குக் கடைக்காரர் ஒருவர் மருந்து போட்டுக்கொண்டிருப்பார். மோரில் கரைத்த கம்பங்கூழ் கிடைக்கும். ‘ராப்’ என்ற பெயரை நீக்கிவிட்டால் அது மதுரைத் தெருமுனைப் பானையில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. உப்பும் புளிப்பும் நீரும் ஒரே குவளையில் சேர்ந்த இதைப் பிள்ளைகள் மறுப்பதில்லை, பொட்டலக் கரைசலைத் துப்பும் பிள்ளைகள்கூட. சூரியன் சாய்ந்ததும் மீண்டும் நடை. கையில் துணியால் தைத்த குதிரை: பாபாவுக்குக் காணிக்கை அது. சிறுவயதில் பொம்மைக் குதிரை கேட்டு அடம்பிடித்தவர் என்ற கதையால் வந்த வழக்கம். வழியெல்லாம் அதை விளையாட்டுச் சாமானாக வைத்திருந்த பிள்ளை, சன்னதியில் கொடுக்க மறுத்து அழுவது இந்தத் திருவிழாவின் அன்றாடக் காட்சி. பூசாரிகளுக்கு அது பழகிப்போயிருக்கிறது. இரவில் காமட் சமூகப் பெண்கள் உடலில் பதின்மூன்று தாளங்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஆடும் தேராதாளி தொடங்கும்போது பிள்ளைகள் பெரும்பாலும் உறங்கியிருப்பார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் மூன்று பொதுச் சொத்துகளின் மேல் நிற்கிறது: மரம், குட்டை, பந்தல். மூன்றும் தேய்கின்றன. பல இடங்களில் மண்பானை இருந்த மேடையில் குளிர்நீர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் நின்றால் அது தகரப் பெட்டி. மற்ற இடங்களில் பிளாஸ்டிக் புட்டி வந்துவிட்டது, அதன் எச்சம் சாலையோர முட்செடிகளில் தொங்குகிறது. ‘ஓரண்’ எனப்படும் கோயிற்காடுகள் பலவும் அரசுப் பதிவேட்டில் தரிசாக எழுதப்பட்டிருப்பதால் மின்நிறுவனங்களுக்குக் கை மாறுவது எளிதாகிறது. பலோதிக்கு அப்பால் உள்ள பட்லா சூரிய மின்பூங்காவின் திறன் 2,245 மெகாவாட். நாட்டுக்கு அந்த மின்சாரம் தேவை என்பதில் சந்தேகமில்லை. தகடுகளுக்காக வன்னியை வெட்டித் தள்ளத் தேவையில்லை என்பதிலும் சந்தேகமில்லை. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் இதே மரத்தைக் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய்கள் உயிர்விட்டதாக வரலாறு சொல்கிறது. அவர்களின் வாரிசுகள் இன்றும் இதற்காகவே தர்ணா இருக்கிறார்கள். சுற்றுலாத் துறையின் கோடைக்கால விளம்பரங்களில் ஒட்டகம் இருக்கிறது, அஸ்தமனம் இருக்கிறது; நிழல் எங்கே, நீர் எங்கே என்ற குறிப்பு இல்லை.

போக்ரான் ராம்தேவ்ராவிலிருந்து 12 கிலோமீட்டர். 1974-லும் 1998-லும் அணுசோதனைகள் நடந்தது மே மாதத்தில்தான். அப்துல் கலாம் ராணுவ உடையில் நின்ற புகைப்படம் அந்த வெயிலில் எடுத்தது. சோதனைத் தளத்துக்குப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஊரில் செங்கல்நிறக் கோட்டை ஒன்று உண்டு.

அடுத்து வரும் ஸ்ரீ பாதரியா லாட்டி நிலையத்தில் பெரும்பாலோர் இறங்குவதில்லை. குழந்தையோடு வருபவர்களுக்கு அது தவறு. பாதரியா கோயிலில் நிலத்துக்கு அடியில் கட்டப்பட்ட நூலகம் இருக்கிறது. அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள், மேலே கொதிக்கும் மண், கீழே குளிர்ச்சி: நண்பகலைக் கழிக்க இந்தப் பாதையில் இதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியே பெரிய ஓரண் ஒன்று பரந்து கிடக்கிறது. லாட்டிப் புல்வெளிதான் கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. உலகில் எஞ்சியிருப்பவை 150 அளவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் சாவது அதன் பெரிய ஆபத்து. கம்பிகளைப் புதைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் 2024-இல் அந்த ஆணையைத் தளர்த்தியது. பறவையைப் பார்ப்பது அதிர்ஷ்டம். கம்பிகளை எண்ணுவது பிள்ளைகளுக்கு எளிது.

ஜெய்சல்மேர் 1156-இல் உருவான ஊர். கோட்டைக்குள் தங்கும் விடுதிகளின் குளியலறை நீர் கீழே கசிந்து அடிமண்ணை இளக்குகிறது என்பது பல ஆண்டுக் குறை. கோட்டைக்கு வெளியே தங்குவதே நியாயம். கடீசர் ஏரியின் கரையில் காலை ஆறு மணிக்கு நிழலும் காற்றும் உண்டு. மழைநீரை மட்டுமே நம்பிப் பல நூற்றாண்டு ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி அது, இன்று கால்வாய் நீரும் அதில் விடப்படுகிறது. பாலைவன நீர்மரபைப் பற்றிய அனுபம் மிஸ்ராவின் நூல்களைப் படித்துவிட்டு வருபவர்கள் படகுத்துறையைத் தாண்டி நீர்வரத்து ஓடைகளைத் தேடிப் போவார்கள்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள சாம் மணல்மேட்டில் கோடை இரவு இதமானது. அங்கே தங்கினால் பிள்ளையை மணலில் விரிப்புப் போட்டு உறங்க வைக்கக் கூடாது. சுருட்டைவிரியனும் கட்டுவிரியன் இனமும் இரவில் உலவும். கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்க வேண்டும், காலையில் காலணியைத் தட்டிவிட்டு மாட்ட வேண்டும். ஒட்டகச் சவாரி பெரியவர் மடியில், ஏழு மணிக்குள். ஊருக்குத் திரும்பும் காரை வெயிலில் நிறுத்தியிருந்தால் முதலில் கதவுகளைத் திறந்துவைத்துச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகுதான் குழந்தையை உள்ளே ஏற்ற வேண்டும். ஜோத்பூர் திரும்ப, இரவு ரயில்.