ஏரியா சபைக்கு வாருங்கள்



2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, வண்டி நிறுத்த இடமில்லை என்று கடைக்காரர்கள் குறைப்பட்டார்கள். என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்களுக்கோ அது வரம். "அந்தக் காசில் நம்ம தெருவுக்கு மழைநீர் வடிகால் போட்டிருக்கலாமே சார்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஐப்பசி, கார்த்திகையில் அவர் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் நிற்கும். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் வாசலில் நின்று பேசினால் வடிகால் வராது. கிராம சபை போல, 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் ஏரியா சபை கூடுகிறது. எந்த வேலை முதலில் என்று அங்கே கேட்கலாம். எங்கள் வார்டில் வருவோர் பெரும்பாலும் என் வயதுக்காரர்களே. இன்னும் முப்பது, நாற்பது வருஷம் இந்த ஊரில் வாழப்போகிறவர்கள் நீங்கள். வந்து கையை உயர்த்துங்கள், பிள்ளைகளே.