எண்ணாயிரம் கண்டோம்!

விழுப்புரம் என்றால் வெளியூரார் கேட்பது ரயில் சந்திப்பைப் பற்றித்தான். திண்டிவனம் என்றாலோ, சென்னைக்குப் போகும் வழியில் பேருந்து நிற்கும் ஊர். இவ்வளவுதானா நம் ஊர்களின் பெருமை? இல்லவே இல்லை என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இப்போது துணிந்து கூறுவோம். இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை எங்களை எண்ணாயிரத்திற்கு அழைத்துச் சென்றார்கள்.

எண்ணாயிரம் நம் மாவட்டத்துச் சிற்றூர். அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு கல்லூரியின் கணக்கையே சொல்கிறது. இளைய மாணவர் 270 பேர், மூத்தோர் 70 பேர், ஆக 340 பேர். ரிக் வேதம் பயின்றோர் 75, யசுர் வேதம் பயின்றோர் 75, இலக்கணம் பயின்றோர் 40 என்று பாடவாரியாகப் பட்டியல் நீள்கிறது. நாள்தோறும் இளையவருக்கு ஆறு நாழி நெல். மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. "அந்தக் காலத்திலும் பெரிய வகுப்புக்குத்தான் கூடுதலா?" என்று விடுதித் தோழியர் முணுமுணுத்ததை இங்கே எழுதாமல் விட மனமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய விடுதிச் சாப்பாட்டுக் கணக்கல்லவா அது!

ஆனால் அந்த 340 பேரில் ஒரு பெண்பிள்ளை கூட இல்லை. வேதம் ஓதும் குலத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே இடம். நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கும் இடமில்லை. எங்களில் பலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆகவே கல்வெட்டைப் பார்த்து மகிழ்ந்தபோதே மனத்தில் ஏதோ உறுத்தவும் செய்தது.

இக்கல்வெட்டை அரசின் கல்வெட்டுத் துறையினர் 1917-இல் படியெடுத்து வைத்ததால்தான் இன்று நாம் இதைப் படிக்கிறோம். அருகிலுள்ள எசாலத்தில் 1987-இல் கோயில் திருப்பணி நடந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து இராசேந்திரனின் செப்பேடுகள் 15 ஏடுகளாகக் கிடைத்தன. அவற்றைப் பழைய செம்பு என்று எண்ணி எவரேனும் எடைக்குப் போட்டிருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. வேறோர் ஊர்க் கோயிலில் எழுத்துகளின்மேல் பட்டை பட்டையாக வண்ணம் பூசியிருந்ததை நாங்களே கண்டோம்.

வரலாற்று ஆர்வலரான பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்து, படியெடுக்கும் முறையைச் செய்து காட்டினார். எங்கள் பள்ளியின் அடிக்கல்லைத் துடைத்து, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களில் படியச் செய்தார். பிறகு மைத் துணியால் மெல்ல ஒற்றினார். கரிய தாளில் எழுத்துகள் வெள்ளை வெளேரென்று எழுந்தன! தினமும் கடந்து போகும் அந்தக் கல்லை அன்றுதான் நாங்கள் முழுதும் படித்தோம். இப்படிச் சிற்றூர்களில் தேடிக் காணும் நடுகற்களையும் கல்வெட்டுகளையும் தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் தன் 'ஆவணம்' இதழில் அச்சேற்றி வருகிறது என்றும், அவற்றைக் கண்டு சொல்பவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு என்றும் அவர் சொன்னார்.

"கல்லில் இல்லாதவர்களை யார் எழுதுவது?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே, "நோட்டு வாங்குங்கள்" என்றார்.

வாங்கிவிட்டோம்! நீள நோட்டு, 200 பக்கம். நடவு நட்ட கதை, மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கதை, செஞ்சியிலிருந்து மாட்டுவண்டியில் மணப்பெண்ணாக வந்த கதை என்று பாட்டிமார் சொல்லச் சொல்ல எழுதி வருகிறோம். பேச்சு வழக்கை மாற்றாமல் எழுத வேண்டும் என்பது வகுப்பின் முடிவு. தமிழாசிரியைக்கு அதில் சிறிது வருத்தம்தான்!

திண்டிவனத்துத் தோழியருக்குத் தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறோம். அங்குள்ள கிடங்கல்தான் சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட சங்கப் புலவர்களும் உண்டு. அவ்வளவு பழைய ஊரிலிருந்து இன்னும் ஒரு பாட்டியின் கதைகூட நோட்டுக்கு வந்து சேரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் கொண்டு வருவதாகக் கிடங்கல் தோழியர் இருவர் வாக்களித்திருக்கிறார்கள். 46-ஆம் பக்கம் அவர்களுக்காகக் காலியாக இருக்கிறது.