அழிக்குமுன் ஆராய்வோம்

சிறு கணினி எழவில்லையெனில், மெமரி கார்டை அழித்து லினக்ஸைப் புதிதாகப் பதியுமாறு பலரும் கூறுவர். அதை நாங்கள் ஏற்கவில்லை. மதரஸாவின் ராஸ்பெரி பை 4 கணினியில் மர்ஹூம் ஹஜ்ரத் அவர்களின் தஜ்வீத் பாடங்கள் குரற்பதிவாக இருந்தன; அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

முதலில் மின்சாரத்தைப் பார்த்தோம். இக்கணினிக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் சிவப்பு விளக்கு அணையும். எங்களுடையது சீராக எரிந்தது. பச்சை விளக்கோ ஏழு முறை மின்னிற்று. கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். திடீர் மின்வெட்டால் கோப்புகள் சிதைவதுண்டு.

கெர்னல் இருப்பது கார்டின் சிறிய தொடக்கப் பிரிவில். பதிவுகள் இருந்ததோ மற்றொரு பிரிவில். ஆகவே நம்பிக்கை பிறந்தது. வேறொரு லினக்ஸ் கணினியில் கார்டை முழுமையாகப் பிரதியெடுத்து, புதிய கார்டில் எழுதினோம். அதன் தொடக்கப் பிரிவைச் சரிபார்த்து, அதே பதிப்பின் கெர்னல் கோப்பை வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், கணினி எழுந்தது. பாடங்களும் குறைவின்றிக் கிடைத்தன.

உங்கள் இல்லத்துப் பெரியோரின் குரலும் ஏதேனும் ஒரு கார்டில் இருக்கலாம். பழுதுபார்க்குமுன் பிரதி எடுங்கள். பழுது வருமுன்னரே எடுத்துவைப்பது அதனினும் நன்று.