சேராபீனுக்குக் கால் இல்லை

இஸ்தான்புல்

அன்புள்ள பிலோ,

மறைக்கல்வி வகுப்புக்குச் சம்மனசு படம் எடுத்து வரச் சொன்னாயே, எடுத்துவிட்டேன். பிள்ளைகள் பயப்படாமல் இருந்தால் சரி.

ஹாகியா சோபியா இப்போது மறுபடி மசூதி. கீழே தொழுகை நடப்பதால் வெளிநாட்டாருக்கு மேல்மாடம் மட்டும்தான். சீட்டு 25 யூரோ, கையைக் கடிக்கிறது. ஆனால் நான் பார்க்க வந்தவற்றுக்கு மேல்மாடமே வசதி. 537-இல் கிறிஸ்தவக் கோயிலாகக் கட்டி முடித்த இதன் குவிமாடத்துக்குக் கீழே, நான்கு மூலைக்கும் ஒன்றாக நான்கு சேராபீன் சம்மனசுகள். உடம்பு கிடையாது, கை கால் கிடையாது. பழுப்பும் நீலமுமாக ஆறு பெரிய சிறகுகள், நடுவில் முகம்.

எசாயா கண்ட காட்சியில் சேராபீன் இரண்டு சிறகால் தன் முகத்தைத் தானே மூடிக்கொள்ளும். இங்கே அந்த வேலையை மனிதர்கள் செய்துவிட்டார்கள்: நட்சத்திர வடிவில் உலோக மூடி. 2009-இல் வடகிழக்கு மூலையில் மட்டும் அதைக் கழற்றினார்கள். அந்த முகத்தைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். இளமையான முகம்தான், ஆனால் துளிச் சிரிப்பு இல்லை. மேற்கே இருக்கிற இரண்டும் மொசைக் அல்ல. 1847–49-இல் பழுதுபார்த்த ஃபொசாட்டி சகோதரர்கள் அதே சாயலில் வண்ணம் தீட்டியவை.

என் பக்கத்தில் நின்ற வழிகாட்டி இந்தச் சேராபீன்களை ‘கெருபு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எசேக்கியேலின் கெருபுக்கோ மனிதன், சிங்கம், காளை, கழுகு என நான்கு முகம், நான்கு சிறகு. பக்கத்தில் விளிம்பெல்லாம் கண்ணாகச் சக்கரம். பைசாந்திய ஓவியர்களே இரண்டையும் கலந்துகட்டித்தான் வரைந்தார்கள், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

பீட வளைவில் கபிரியேல் இருக்கிறார், 9-ஆம் நூற்றாண்டு மொசைக். அரசவை உடை, கையில் கோலும் உருண்டையும், முழு மனித உருவம். எதிரே இருந்த மிக்கேலில் சில இறகுகள்தான் மிச்சம். கி.பி. 500 வாக்கில் தியோனீசியுஸ் பெயரில் வந்த நூல் வானதூதரை ஒன்பது அணியாக வகுக்கிறது. சேராபீன் முதல் அணி, கபிரியேல், மிக்கேல் போன்ற அதிதூதர் எட்டாவது! நாம் இத்தனை ஆண்டாகத் தலைவர் என்று நினைத்தவர்கள் கடைசிக்கு முந்தின வரிசை. எனக்கு இது பிடித்திருக்கிறது. நம்மிடம் சேதி சொல்ல வருகிறவருக்குத்தானே முகமும் காலும் வேண்டும்? கடவுள் பக்கத்திலேயே நிற்பவருக்கு எதற்கு?

கொழுகொழு கன்னத்துக் குழந்தைச் சம்மனசு வேதத்தில் எங்குமே இல்லை. உரோமையரின் காதல் தெய்வத்தைப் பார்த்து இத்தாலியர் பிடித்துக்கொண்ட உருவம் அது. பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். நீ முதலில் கபிரியேலைக் காட்டு. சேராபீனை அடுத்த ஞாயிறுக்கு வைத்துக்கொள்.

அன்புடன்,
ஜெசி