களியக்காவிளை முதல் குமரி வரை: ஒரு நெடுஞ்சாலையும் அதன் நிதி அரசியலும்

சாலை நிதியில் அரசியல் பழிவாங்கல் பெரும்பாலும் தாமதமாகவே வெளிப்படுகிறது. ஒரு திட்டத்தை ரத்து செய்தால் அரசு காரணம் சொல்ல வேண்டும். கோப்பைக் கிடப்பில் போட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிலம் எடுக்கும் பணி மெதுவாகும், மண் எடுக்க அனுமதி வராது, எஸ்டிமேட் திரும்பத் திரும்பத் திருத்தப்படும். சாலை மட்டும் குண்டும் குழியுமாகக் கிடக்கும். இது பழிவாங்கலா, நிர்வாகக் கோளாறா, உண்மையான தடையா என்று பிரித்துச் சொல்வது கடினம். கன்னியாகுமரி மாவட்டத்தின் முதுகெலும்பான களியக்காவிளை – கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் இந்த மூன்றும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம்.

60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் சாலை இது. களியக்காவிளை, படந்தாலுமூடு, குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், நாகர்கோவில், கோட்டாறு, சுசீந்திரம், கொட்டாரம், கன்னியாகுமரி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகின்றன. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தலைநகரான திருவனந்தபுரத்தைத் தென்முனையோடு இணைத்த அரசுப் பாதை இதுவே. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் அதற்குச் சிமென்ட் காங்கிரீட் தளம் போடப்பட்டது. அந்தத் தரத்தை நாஞ்சில் நாட்டு முதியவர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைநகரிலிருந்து புறப்படும் சாலைக்குப் பணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பலியான உயிர்களும் அந்த இணைப்புக்குப் பின்னால் இருக்கின்றன. இணைப்பு நியாயமானது, மக்கள் கேட்டுப் பெற்றது. ஆனால் சாலையைப் பொறுத்தவரை அதன் விளைவு வேறு. தலைநகருக்குப் பக்கத்துப் பகுதியாக இருந்தது, தலைநகரிலிருந்து 700 கிலோமீட்டர் தள்ளிய கடைசி மாவட்டமாகிவிட்டது.

சேலத்திலிருந்து கொச்சி, திருவனந்தபுரம் வழியாக வந்த தேசிய நெடுஞ்சாலை 47இன் கடைசித் துண்டாக இந்தச் சாலை அறியப்பட்டது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது மும்பைக்கு அருகிலுள்ள பன்வேலில் தொடங்கி மேற்குக் கடற்கரையோரமாக வரும் நெடுஞ்சாலை 66இன் தென்கோடியானது.

பயணத்தின் முதல் புள்ளியான களியக்காவிளை எல்லையிலேயே விஷயம் தொடங்கிவிடுகிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் பிரியும் நான்கு வழி புறவழிச்சாலை 43 கிலோமீட்டர் ஓடி எல்லையிலுள்ள காரோட்டில் வந்து நிற்கிறது. அதன் கடைசிப் பகுதியான முக்கோலா – காரோடு 16 கிலோமீட்டருக்குக் காங்கிரீட் தளம். 2022இல் அதில் வாகனங்கள் ஓடத் தொடங்கியபோது, எல்லைக்கு இந்தப்பக்கம் அதைத் தொடர வேண்டிய நான்கு வழிச்சாலை முடிந்திருக்கவில்லை. அகன்ற சாலையில் வந்த வண்டிகள் பழைய குறுகிய சாலைக்கே இறங்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பகுதிக்கான திட்டக் கணக்கு 43ஆம் கிலோமீட்டரில் தொடங்கி 96.714இல் முடிகிறது. அதாவது 53.7 கிலோமீட்டர். இதோடு நாகர்கோவில் – காவல்கிணறு கிளைச்சாலை 16.4 கிலோமீட்டரும் சேர்ந்ததே மாவட்டத்தின் நான்கு வழித் திட்டம்.

கேரளப் பகுதியும் சுமுகமாக வந்துவிடவில்லை. அங்கே நிலத்தின் விலை மிக அதிகம் என்று மத்திய அரசு தயங்க, நிலமெடுப்புச் செலவில் நான்கில் ஒரு பங்கை மாநிலமே ஏற்பதாகக் கேரளம் ஒப்புக்கொண்டது. அப்படிக் கொடுத்த தொகை 5,500 கோடி ரூபாயைத் தாண்டியது. 2019 மே மாதம், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, காசர்கோட்டைத் தவிர கேரளத்தின் மற்ற நெடுஞ்சாலைப் பணிகளை முன்னுரிமைப் பட்டியலில் கீழிறக்கி தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. மாநில நிதியமைச்சர் தாமஸ் ஐசக் ஒரு கடிதத்தை வெளியிட்டார். நிலமெடுப்பை நிறுத்தி வைக்கக் கோரி மாநில பாஜக தலைவர் பி.எஸ். ஸ்ரீதரன் பிள்ளை 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரிக்கு எழுதியது அது. தேர்தல் லாபத்துக்காக மாநிலத்தின் சாலை முடக்கப்படுகிறது என்பது ஐசக்கின் குற்றச்சாட்டு. நிலம் இழப்போரின் குறையைத்தான் தெரிவித்தேன் என்றார் பிள்ளை. சில நாட்களிலேயே கட்கரி அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். பழிவாங்கல் என்ற குற்றச்சாட்டுக்கு ஆணை, தேதி, கடிதம் ஆகிய மூன்றும் எழுத்தில் கிடைப்பது மிக அபூர்வம். ஆணை அவ்வளவு விரைவில் விலக்கப்பட்டதற்கு அந்த ஆவணங்கள் வெளிவந்ததும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

குழித்துறையில் தாமிரபரணி ஆற்றைக் கடந்து ஏறினால் மார்த்தாண்டம். பம்மம் பக்கமிருந்து சந்தையையும் பேருந்து நிலையத்தையும் தாண்டி ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்கு இரும்பு மேம்பாலம் நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணம் 2014 தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அதிமுக வென்ற அந்தத் தேர்தலில் தர்மபுரியும் கன்னியாகுமரியும் மட்டுமே விலகி நின்றன. கன்னியாகுமரியில் வென்ற பொன். ராதாகிருஷ்ணன், அந்த நவம்பரில் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறையின் இணையமைச்சரானார். மார்த்தாண்டத்துக்கும் பார்வதிபுரத்துக்கும் மேம்பாலங்கள் வந்தன. பாலத்துக்கு அடியில் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்களிடம் எதிர்ப்பும் இருந்தது. 2018இன் இறுதியில் மேம்பாலங்களில் வாகனங்கள் ஓடத் தொடங்கின. மார்த்தாண்டம் பாலத்தை 2019 மார்ச் 1 அன்று பிரதமர் நரேந்திர மோடி கன்னியாகுமரி விழாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் ராதாகிருஷ்ணன் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸின் எச். வசந்தகுமாரிடம் தோற்றார்.

மேம்பாலம் தேவையான ஒன்று. மார்த்தாண்டம் சந்திப்பில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு அது தெரியும். அதே சமயம், தங்கள் உறுப்பினர் அமைச்சரானதால்தான் பாலம் வந்தது என்று மாவட்டமே நம்பும் நிலை ஆபத்தானது. தயவால் வரும் பணம், தயவு போனால் நிற்கும். சலுகை தரும் அதே அதிகாரத்துக்குத் தண்டிக்கவும் முடியும். சாலை நிதியில் பழிவாங்கலைப் பற்றிப் பேசுவோர் சலுகையைப் பாராட்டிவிட்டுத் தண்டனையை மட்டும் கண்டிப்பது வழக்கமாக இருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: எந்தச் சாலைக்கு எப்போது பணம் என்பதை முடிவு செய்வதில் ஆள்வோருக்கு இருக்கும் கட்டற்ற விருப்புரிமை.

இந்த மாவட்டத்துக்கு அந்த ஆபத்து மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதல். காரணம் இங்கே வாக்குகள் விழும் விதம். 2016 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. கன்னியாகுமரியின் ஆறு தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. மூன்று திமுகவுக்கும் மூன்று காங்கிரஸுக்கும் போயின. நாடாளுமன்ற உறுப்பினரோ பாஜக. ஆக, சென்னையில் ஒரு கட்சி, மாவட்டத்தில் அதன் எதிரிகள், டெல்லியில் இன்னொரு கட்சி. 2021இல் இதே ஆறு தொகுதிகள் காங்கிரஸ், திமுக, அதிமுக, பாஜக என நான்கு கட்சிகளிடம் பிரிந்தன. சென்னையில் இருப்பவர் டெல்லிக்காரர் பெயரில் வரும் சாலைக்கு வேகம் கொடுப்பதில்லை, டெல்லியில் இருப்பவர் மாநிலத்தின் கோரிக்கையைக் கண்டுகொள்வதில்லை என்று மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொள்வது இங்கே மேடைப் பேச்சின் நிரந்தரப் பகுதி.

தக்கலை, உதயகிரிக் கோட்டை, குமாரகோவில் சந்திப்பு தாண்டி வில்லுக்குறி. நான்கு வழித் திட்டத்தின் இரண்டு கட்டங்களும் சந்திக்கும் இடம் இது. புதிய சாலை பழைய சாலையின் மேல் போகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. நெருக்கத்தில் தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம். சாலையின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் தேவாலயங்களும் கோயில்களும் இடைவெளியில்லாமல் நிற்பதால் அகலப்படுத்த வழியில்லை. எனவே புதிய தடம் வயல்களுக்கும் குளங்களுக்கும் ஊடாக வகுக்கப்பட்டது. நாஞ்சில் நாட்டின் பாசனமே குளங்களின் சங்கிலி. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்து. அவற்றின் நடுவே சாலைக்கு மேடு போட்டால் நீரோட்டம் தடைபடும் என்ற விவசாயிகளின் எதிர்ப்பு உண்மையான எதிர்ப்பு. அதை அரசியல் என்று தள்ளிவிட முடியாது.

மேடு போட மண் வேண்டும். பள்ளமான வயலில் சாலையை உயர்த்த லட்சக்கணக்கான கனமீட்டர் மண் தேவை. மாவட்டத்தின் மலைகளோ பாதுகாக்கப்பட வேண்டிய மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. மண் கிடைக்காததே பணி தேங்கியதற்கு முதன்மையான காரணமாக ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது. பழைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்து மீதிப் பணிக்கு மறுபடி டெண்டர் விட வேண்டியதாயிற்று. இதற்கிடையே பாதி எழும்பிய பாலங்களும் மண் கொட்டிய மேடுகளும் வயல்களுக்கு நடுவே அனாதையாக நின்றன. நிலத்தைக் கொடுத்துவிட்டு, சாலையையும் காணாமல், விவசாயத்தையும் தொடர முடியாமல் நின்றவர்களின் இழப்பு எந்த எஸ்டிமேட்டிலும் ஏறுவதில்லை.

சட்டம் இந்தச் சிக்கலை எப்படி அமைத்திருக்கிறது என்பதை இங்கே பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் வருகின்றன, பிற சாலைகள் மாநிலப் பட்டியலில். 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலம் எடுக்கும் அறிவிக்கையை வெளியிடுவது மத்திய அரசு. ஆனால் அளந்து, விசாரித்து, இழப்பீடு நிர்ணயிக்கும் அதிகாரி பெரும்பாலும் மாநில வருவாய்த்துறையைச் சேர்ந்தவர். மண், சரளை போன்ற சிறு கனிமங்களுக்கு விதி வகுப்பதும் அனுமதி தருவதும் 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின்படி மாநிலத்தின் உரிமை. பணம் ஒருவர் கையில், நிலமும் மண்ணும் இன்னொருவர் கையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும். இரு தரப்பும் ஒரே கட்சியாகவோ கூட்டணியாகவோ இருந்தால் பல நேரம் தடை தெரியாது. பகை என்றால், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சட்டத்தை மீறாமலேயே சாலையை நிறுத்தலாம்.

மாநிலம் நிறுத்திய சாலைக்குத் தமிழ்நாட்டின் பெரிய உதாரணம் சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் உயர்நிலைச் சாலை. திமுகவின் டி.ஆர். பாலு மத்திய நெடுஞ்சாலை அமைச்சராக இருந்தபோது, 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர், 1,815 கோடி ரூபாய் மதிப்பீடு. ஜெயலலிதா ஆட்சிக்கு வந்தபின், கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று கூறி 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்த பிறகும் வேலை தொடரவில்லை. கூவத்துக்கு நடுவே மொட்டைத் தூண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. கடைசியில் ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்டு 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் மீண்டும் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 5,800 கோடியைத் தாண்டியிருந்தது. கூவத்தைப் பற்றிய கவலை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கவலைக்குத் தீர்வு காணப் பத்தாண்டு தேவையில்லை.

பார்வதிபுரம் மேம்பாலம் இறங்கினால் நாகர்கோவில். 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. மாநிலத்தில் திமுக ஆட்சி நடந்தபோதும் 1971இல் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. சென்னையின் காற்றுக்கு எதிராக வாக்களிக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அதற்கு விலை உண்டா என்ற கேள்விக்குப் பொருளியல் ஆய்வு ஒன்று பொதுவான விடை தருகிறது. அருளம்பலம், தாஸ்குப்தா, தில்லான், தத்தா ஆகியோர் இந்தியாவின் 14 மாநிலங்களுக்கு 1970களின் நடுவிலிருந்து இருபதாண்டுக்கு மேல் சென்ற மத்திய நிதியை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மத்தியில் ஆளும் கட்சியே ஆண்டு, அதேசமயம் தேர்தல் முடிவு எந்தப் பக்கமும் சாயக்கூடியதாக இருந்த மாநிலங்கள், இவ்விரண்டும் இல்லாத மாநிலங்களைவிட ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதலாகப் பெற்றன. இது விருப்புரிமையால் வழங்கப்பட்ட மானியங்களின் கணக்கு.

சூத்திரத்தால் பகிரப்படும் பணத்தில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. ஜெயகர் குழுவின் அறிக்கைக்குப் பின் 1929இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் மறுவடிவம் பெற்ற மத்திய சாலை நிதியில், மாநிலச் சாலைகளுக்கான பங்கு எரிபொருள் பயன்பாட்டையும் நிலப்பரப்பையும் வைத்தே பிரிக்கப்பட்டு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று பாராமல் ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் அந்த 5 கோடியில் மேம்பாலம் கட்ட முடியாது. பெரிய சாலை எது, முதலில் எது என்பதெல்லாம் சூத்திரத்துக்கு வெளியே முடிவாகின்றன.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இந்தப் பழிவாங்கல் ஒருமுறை எழுத்தோடு பிடிபட்டது. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் மறுதேர்தலை ஆதரிக்க மறுத்த ஃபோர்ட் லீ நகர மேயரைத் தண்டிக்க, 2013 செப்டம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குச் செல்லும் தடங்களை ஆளுநரின் ஆட்கள் நாள்கணக்கில் மூடினார்கள். மின்னஞ்சல்கள் வெளிவந்தன, தண்டனையும் கிடைத்தது. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது உண்மை, ஆனால் பணமோ சொத்தோ பறிக்கும் நோக்கம் இல்லாததால் மத்திய மோசடிச் சட்டத்தில் அது குற்றமாகாது என்பது தீர்ப்பு. சாட்சியம் கையில் இருந்தும் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. சாட்சியமே கிடைக்காத இடத்தில், கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பெறுவதும், தணிக்கை அறிக்கையில் தாமதத்தின் செலவைத் தேடுவதும், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பித் தேதியை வாங்குவதும்தான் மக்களுக்கு இருக்கும் வழிகள்.

கோட்டாறு சந்தையையும் சுசீந்திரத்தில் பழையாற்றையும் கடந்து, வயல்களினூடாகக் கொட்டாரம் வழியே சாலை குமரிமுனையில் முடிகிறது. ஸ்ரீநகரிலிருந்து வரும் நெடுஞ்சாலை 44உம் இங்கேதான் முடிகிறது. அது வாஜ்பாய் அரசு தொடங்கிய வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ், நாடு முழுவதற்கும் ஒரே கால அட்டவணையில் வகுக்கப்பட்ட சாலை. அதனால் காஷ்மீர்ப் பக்கமிருந்து வந்த நான்கு வழி, 60 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள களியக்காவிளையின் நான்கு வழிக்கு முன்பே குமரியைத் தொட்டுவிட்டது.