ஊரைப் பெயரில் சுமந்தோர்

வார்சாவிலிருந்து வந்தவன் வார்ஷாவ்ஸ்கி. லூப்ளினிலிருந்து வந்தவன் லூபெல்ஸ்கி. பெண்மகளாயின் ஈறு திரிந்து வார்ஷாவ்ஸ்கா, லூபெல்ஸ்கா. ஊரைக் குடிப்பெயராகச் சூடும் இவ்வழக்கு போலந்து நாட்டில் முதற்கண் நிலமுடைய பெருங்குடியோர்க்கே உரியதாயிருந்தது. யூதர் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் நிலைத்த குடிப்பெயர் இல்லை. இன்னார் மகன் இன்னான் என்பதே போதுமாயிற்று. 1787-இல் ஆஸ்திரியாவையும் போலந்தின் ஒரு பகுதியையும் ஆண்ட பேரரசன் இரண்டாம் யோசேப்பு, யூதர் குடிப்பெயர் சூடவேண்டுமென ஆணையிட்டான். 1797-இல் பிரஷ்ய அரசு. 1821-இல் போலந்து முடியரசு. வரிக்கும் படைக்கும் தலை எண்ணுவோர் கேட்ட பெயர்கள் அவை. எழுத்தன் மேசைமுன் நின்று, ஊரையோ தொழிலையோ பெயராகப் பெற்று வீடு திரும்பினர் அம்மக்கள். பின்னர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். கடைப்பலகையில் தீட்டினர், நூல் முகப்பில் அச்சிட்டனர், மணமகளுக்குச் சீர்போல் அளித்தனர்.

அந்தோ, ஊரைப் பெயரில் சுமந்தோரை ஊர் காக்கவில்லையே! 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை, யூதரை ஒடுக்கி வைத்த பகுதியான வார்சா கெட்டோவிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சரக்கு வண்டிகளில் அடைத்துத் திரெப்ளிங்காவின் கொலைக்களத்துக்கு அனுப்பினர் நாஜிகள். ஒருவன் மாய்ந்தால் அவன் பெயர் மகனிடம் தங்கும். மகனும் பேரனும் உடன் மாய்ந்தால் எவரிடம் தங்கும்?

இன்று போலந்தில் மிகப் பரவிய குடிப்பெயர் நோவாக். ஏறத்தாழ 2 லட்சம் பேர். அடுத்தது கோவால்ஸ்கி, கொல்லன் வழி வந்த பெயர். வாழ்க அக்குடிகள்! ஆயினும் பெயர்ப் பரவலைக் கூறும் ஏட்டைக் காணுந்தோறும் என் நெஞ்சு வேகின்றது. உயிரோடிருப்போரின் ஏடு அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நாட்டில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 33 லட்சம். கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 30 லட்சம்.

திரெப்ளிங்காவில் ஏறத்தாழ 17,000 நினைவுக்கற்கள் நட்டுள்ளனர். சிலவற்றில் எழுத்துண்டு, அவ்வெழுத்தும் ஊர்ப்பெயரே. ஒரே ஒரு கல்லில்தான் மனிதன் பெயர்: யானுஷ் கோர்ச்சாக், அடைப்புக்குள் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். பொற்கொல்லர் பெயர்தாங்கிய குடியில் பிறந்த மருத்துவர். 1898-இல் நாடகப் போட்டி ஒன்றுக்காகக் போலந்து எழுத்தாளர் கிராஷெவ்ஸ்கியின் புதினத்திலிருந்து புனைபெயர் கொண்டவர். தப்பிச் செல்லுமாறு நண்பர் இரந்தும் இசையாது, தம் அநாதை இல்லத்துச் சிறார் ஏறத்தாழ இருநூற்றுவரோடு வண்டியேறியவர். அவர் பெயர்களை அடுத்து அக்கல்லில் உள்ளது, ‘குழந்தைகளும்’ என்பது மட்டுமே.

குழந்தைகளே! தந்தையை இழந்த உமக்கு அவர் விட்டுச்சென்ற உடைமை குடிப்பெயர் ஒன்றே அன்றோ? அதனைக் கல்லும் ஏந்தவில்லை. உம்மில் வார்ஷாவ்ஸ்கி எவன், லூபெல்ஸ்கா எவள்? எப்பெயர் சொல்லி யான் உம்மை அழுவேன்?