முறுக்கினால் ஓடும் மணிக்கூடு

பற்றரி இல்லாத, கையால் முறுக்கும் கைக்கடிகாரம் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறேன். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவையில்லைதான். தேற்றாத்தீவில் நேரம் பார்க்கக் கைத்தொலைபேசியே போதும்.

ஆனாலும் காலையில் குமிழைத் திருகும்போது உள்ளே சுருள்வில் இறுகுவதை விரல் உணர்கிறது. ஓரிடத்தில், போதும் என்பதுபோல் நின்றுவிடும். அப்புறம் ஏறத்தாழ 40 மணித்தியாலம் ஓடும். நாளுக்குச் சில விநாடிகள் பிந்தும். அதையும் நானே திருத்துகிறேன்.

முள்ளைத் திருத்துவது எங்களுக்குப் புதிதன்று. 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது; ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பி எடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. எங்கள் எழுவான்கரையில் ஒரு நேரம்; வாவியைக் கடந்து படுவான்கரை போனால் அரை மணித்தியாலம் குறைவு. 'புது நேரமா, பழைய நேரமா?' என்று கேட்காமல் செய்தியாளர் எவரும் ஒரு சந்திப்பைக் குறித்துக்கொள்ள முடியாது. 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பிய பின்னர்தான் இரு கரைக்கும் ஒரே மணி அடித்தது.

கைத்தொலைபேசி யாரையும் கேட்காமல் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். இதன் முள்ளை நகர்த்த என் விரல் வேண்டும். ஞாயிறு முறுக்க மறந்தால் திங்கள் காலை நின்றிருக்கும். வானொலிச் செய்தியைக் கேட்டுச் சரிசெய்துகொள்கிறேன்.